கேட்கத் தெரிந்தவர்களைத் தேடுங்கள்: அயர்லாந்து கிராமத்து நகைச்சுவைக்கு நடிகர் தேர்வு, முழுமையான வழிகாட்டி

முதல் தடவை ஒரு அயர்லாந்து நகைச்சுவை நாடகத்தின் அப்பாவி நாயகன் பார்ட்லி ஃபாலன் வேடத்துக்கு ஆள் எடுத்தபோது, ஊரிலேயே எல்லோரையும் அதிகம் சிரிக்கவைக்கும் மனிதரைத் தேர்ந்தெடுத்தேன். தேர்வு நடந்த மாலையில் அவர் வாய் திறந்தாலே கூடம் குலுங்கியது. மேடையேறிய அன்றைக்கு முதல் ஐந்து நிமிடம் நல்ல சிரிப்பு. அதன்பிறகு ஜனம் மெல்ல நெளிய ஆரம்பித்தது. தான் சிரிப்புக்காரன் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. பார்ட்லிக்கு அது தெரியவே கூடாது. அந்தத் தப்பு அவருடையதல்ல, என்னுடையது. தேர்வில் நான் பார்த்திருக்க வேண்டியதைப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு அயர்லாந்தின் கால்வே கவுண்டியின் (மாவட்டம் போல) ஊர்க்கூடங்களில் தேர்வு நடத்திக் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். உதாரணத்துக்கு அந்த ஒரே நாடகத்தை எடுத்துக்கொள்கிறேன்: அயர்லாந்து நாடக ஆசிரியை லேடி கிரெகரி எழுதிய 'ஸ்ப்ரெடிங் த நியூஸ்' (செய்தி பரப்புதல்). 1904 டிசம்பர் 27 அன்று டப்ளினில் ஆபி தியேட்டர் திறந்த இரவில் மேடையேறிய ஓரங்க நாடகம் இது. அரை மணி நேரம் போல ஓடும். அயர்லாந்து கிராமத்து நகைச்சுவைகளில் புதிய குழு ஒன்று தொடங்குவதற்கு இதைவிட நல்ல நாடகம் எனக்குத் தெரியவில்லை.

கதை இதுதான். ஊர்ச் சந்தையின் ஓரம். காது சரியாகக் கேட்காத திருமதி டார்ப்பி ஆப்பிள் விற்கிறாள். ஜாக் ஸ்மித் என்ற விவசாயி, வைக்கோல் அள்ளும் கவைக்கோலை மறந்து வைத்துவிட்டுப் போகிறான். பார்ட்லி அதைக் கொடுக்கப் பின்னாலேயே ஓடுகிறான். அவ்வளவுதான் நடந்தது. ஒரு வாயிலிருந்து இன்னொரு வாய்க்குப் போவதற்குள், பார்ட்லி கவைக்கோலோடு ஜாக்கைத் துரத்தினான் என்றாகிறது. அப்புறம் குத்திவிட்டான், கொன்றேவிட்டான், ஜாக்கின் மனைவி கிட்டி கியரியோடு அமெரிக்காவுக்குக் கிளம்புகிறான் என்று வளர்கிறது. நீதிபதி வருகிறார், போலீஸ் வருகிறது, விலங்கு வருகிறது. செத்துப்போன ஜாக் உயிரோடு நடந்து வந்த பிறகும் வதந்தி அடங்கவில்லை.

படி 1: யாரையும் அழைக்கும் முன் நாடகத்தைக் காதால் படியுங்கள்

பாத்திரப் பட்டியலை எழுதுங்கள். பத்துப் பேர். பார்ட்லி, ஜாக் ஸ்மித், ஷான் ஏர்லி, டிம் கேசி, ஜேம்ஸ் ரயன், போலீஸ்காரர் ஜோ மல்டூன், நீதிபதி என ஆண்கள் ஏழு. திருமதி ஃபாலன், திருமதி டார்ப்பி, திருமதி டல்லி எனப் பெண்கள் மூன்று. ஊர் நாடகக் குழுக்களில் தேர்வுக்கு வருவோர் கணக்கு பெரும்பாலும் இதற்கு நேரெதிராக இருக்கும். வம்பு பேசும் அந்த மூன்று ஆண்களில் ஒருவரையாவது பெண்ணாக மாற்றுவீர்களா என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள். தேர்வு நடக்கும் இரவில் பன்னிரண்டு பெண்கள் முன்னால் நின்றுகொண்டு யோசிக்கக் கூடாது. என் கருத்து: ஷான், டிம், ஜேம்ஸ் மூவரில் எவரையும் மாற்றலாம். வம்புக்கு ஆண் பெண் கிடையாது.

உரிமை விஷயம் சுருக்கமாக: லேடி கிரெகரி 1932இல் இறந்தார். ஆசிரியர் மறைந்து 70 ஆண்டு என்ற கணக்குப்படி அயர்லாந்தில் அவர் நாடகங்களை யாரும் போடலாம். சமகால நாடகம் என்றால் உரிமம் கையில் வராமல் தேர்வு அறிவிக்காதீர்கள்.

பிறகு நாடகத்தை வாய்விட்டுப் படித்து, ஒவ்வொரு வசனத்துக்கும் பக்கத்தில் ஒரு கேள்வி எழுதுங்கள்: "இவர் கேட்டது என்ன, கேட்டதாக நினைத்தது என்ன?" நல்ல உதாரணம் ஒன்று உண்டு. கிட்டி கியரி வேலியில் துணி விரித்துக் காயப்போட்டுக்கொண்டிருக்கிறாள் என்ற செய்தி வருகிறது. கேட்பவளுக்கு அது பிணத்துக்கு விரிக்கும் துணியாகிவிடுகிறது. ஒரே சொல்லின் இரண்டு அர்த்தத்துக்கு நடுவில் ஒரு கொலை நடந்து முடிந்துவிட்டது. தேர்வில் நீங்கள் தேடப்போவது இந்த இடைவெளியில் வாழத் தெரிந்தவர்களை.

இன்னொரு விஷயத்தையும் மனதில் வையுங்கள். இந்தக் கதை தனக்கு முதலில் சோக நாடகமாகத்தான் தோன்றியது என்று லேடி கிரெகரியே எழுதியிருக்கிறார். காலையில் துணிச்சலும் மகிழ்ச்சியுமாகச் சந்தைக்குப் போகும் ஒரு பெண். மாலையில் அதே வழியில் தலைகுனிந்து திரும்புகிறாள். யாரோ சொன்ன ஒரு சொல் அவள் பெயரைக் கெடுத்துவிட்டது. கனமான கவிதை நாடகங்களுக்குப் பக்கத்தில் வைக்க அவர்கள் தியேட்டருக்கு ஒரு நகைச்சுவை தேவைப்பட்டதால் கதையைத் திருப்பிப் போட்டார். அந்தப் பெண் நாடகத்தில் இல்லை. ஆனால் அவள் துக்கம் அடியில் ஓடிக்கொண்டேயிருக்கிறது. அதைச் சுமக்கக்கூடியவர்கள்தான் வேண்டும்.

படி 2: அறிவிப்பு

எப்போது நடத்துவது என்பதை ஊர்தான் தீர்மானிக்கும். மே, ஜூன் மாதங்களில் சைலேஜ் வெட்டு, அதாவது மாட்டுத் தீவனத்துக்குப் புல் வெட்டிச் சேமிக்கும் வேலை. விவசாயக் குடும்பத்தில் ஒருவரும் வரமாட்டார்கள். பிப்ரவரி, மார்ச்சில் பசுக்கள் கன்று போடும். அக்டோபரில் அயர்லாந்தின் சொந்த விளையாட்டுகளான கேலிக் கால்பந்து, ஹர்லிங் இரண்டிலும் ஊர் அணிகளின் கவுண்டி இறுதிப்போட்டிகள். ஊர் அணியின் பயிற்சி நாளைக் கேட்டுக்கொண்டு பிறகு தேதி குறியுங்கள். அயர்லாந்தில் ஊர் நாடகம் இருட்டு மாதங்களின் கலையாக இருப்பதற்குக் காரணம் உண்டு. வயல் ஓய்ந்தால்தான் கூடம் நிறையும். 1953 முதல் அத்லோன் நகரில் நடக்கும் அகில அயர்லாந்து நாடக விழாவுக்குப் போகும் அமெச்சூர் குழுக்கள் பலவும் இப்படித்தான் நீண்ட இரவுகளில் ஒத்திகை பார்த்து வளர்ந்தவை.

அறிவிப்பைத் தேவாலயச் செய்தித்தாள், அஞ்சல் நிலையக் கண்ணாடி, கடைக் கதவு, உள்ளூர் வானொலி, ஊர் வாட்ஸ்அப் குழு எல்லாவற்றிலும் போடுங்கள். அதில் தவறாமல் இருக்க வேண்டியவை: தேர்வு நடக்கும் இரண்டு மாலைகள், ஒத்திகை நாட்கள், மேடையேறும் தேதிகள், பத்துப் பாத்திரங்களைப் பற்றி ஒவ்வொரு வரி, வாசிக்கப்போகும் பகுதிகள் எங்கே கிடைக்கும் என்பது. பகுதிகளை ஒரு வாரம் முன்பே கொடுத்துவிடுங்கள். பார்த்த மாத்திரத்தில் வாசிக்க வராதவர்கள் பலர் அருமையான நடிகர்கள். வாசிப்புக் குறைபாடு உள்ளவரை முதல் நிமிடத்திலேயே வெளியே தள்ளும் தேர்வு நியாயமான தேர்வு அல்ல.

இரண்டு வாக்கியங்களைத் தனியாக, பெரிதாக எழுதுங்கள்: "முன் அனுபவம் தேவையில்லை. எந்த உச்சரிப்போடும் வரலாம்." இரண்டாவது வாக்கியம் இன்றைய அயர்லாந்துக்கு முக்கியம். லேடி கிரெகரியின் கூல் பார்க் வீடு இருந்த இடத்துக்குப் பக்கத்துச் சிற்றூர் கோர்ட். இறைச்சி ஆலை வேலைக்கு வந்த பிரேசில்காரர்கள் இன்று அங்கே பெரிய சமூகமாக வாழ்கிறார்கள். அவர் நாடகத்தில் எழுதிய சந்தை இன்று கூடினால் போர்த்துகீசியமும் காதில் விழும். கிராமத்தைக் காட்டும் நாடகத்தில் அந்தக் கிராமத்தில் இப்போது குடியிருப்பவர்கள் இருக்க வேண்டும்.

படி 3: கூடத்தைத் தயார் செய்வது

மேடையில் தனியாக நிறுத்தி, கீழே மேசை போட்டு மூன்று பேர் உட்கார்ந்து பார்ப்பது பரீட்சை. ஊர்க்காரர்களுக்கு அதில் நாக்கு ஒட்டிக்கொள்ளும். நாற்காலிகளை வட்டமாகப் போடுங்கள். ஹீட்டரை ஒரு மணி நேரம் முன்பே போடுங்கள். தேநீர், பிஸ்கட் வாசலருகே இருக்கட்டும். வந்தவர் கோப்பையை எடுத்துக்கொண்டு பக்கத்திலிருப்பவரோடு பேச ஆரம்பிக்கும்போதே தேர்வு தொடங்கிவிட்டது. யார் பேசுகிறார், யார் தலையைச் சாய்த்துக் கேட்கிறார் என்று அப்போதே பார்க்கலாம். நான் கண்டெடுத்த மிகச்சிறந்த திருமதி டார்ப்பி, தேநீர் வரிசையில் கிடைத்தவர். தன் பெயரைப் பதிவு செய்யக்கூட அவர் வந்திருக்கவில்லை, தங்கையைக் காரில் கொண்டுவந்து விட வந்தவர்.

தேவையான சாமான்: ஒரு கூடை, கவைக்கோலுக்குப் பதிலாகத் துடைப்பம், ஆப்பிள் கொஞ்சம், ஒரு வெள்ளைத் துப்பட்டி. நிஜக் கவைக்கோலைத் தேர்வுக்குக் கொண்டுவராதீர்கள், முனை கூர்மையானது.

படி 4: முதல் மாலை, ஆறு ஆறு பேராக

ஒரு குழுவுக்கு நாற்பது நிமிடம் ஒதுக்குங்கள். முதலில் வாசிக்க வைக்காதீர்கள். ஒருவரிடம் சின்ன நிஜச் செய்தி ஒன்றைக் காதில் சொல்லுங்கள்: "பாதிரியாரின் சைக்கிள் பஞ்சர், நடந்தே போனார்." அவர் அடுத்தவரிடம் சொல்ல வேண்டும், விதி ஒன்றே ஒன்று. பொய் சேர்க்கக் கூடாது. கேட்டதற்கு என்ன காரணம் என்று தனக்குத் தோன்றியதை மட்டும் சேர்க்கலாம். ஆறாவது ஆளிடம் வரும்போது பாதிரியார் மதத்தையே விட்டிருப்பார். இங்கே வேடிக்கையாகக் கட்டிவிடுபவரைக் குறித்துக்கொள்ள வேண்டாம். முழு அக்கறையோடு, "ஐயோ பாவம்" என்ற முகத்தோடு, ஒரு சின்னக் காரணத்தைச் சேர்ப்பவரைக் குறியுங்கள். இந்த நாடகத்தில் யாருமே பொய் சொல்வதில்லை. எல்லோரும் உதவத்தான் பார்க்கிறார்கள்.

பிறகு வாசிப்பு. ஒவ்வொருவரும் இரண்டு தடவை வாசிக்கட்டும். முதல் தடவை அவர் விருப்பம். இரண்டாம் தடவைக்கு ஒரே ஒரு குறிப்புக் கொடுங்கள், முதலில் செய்ததற்கு எதிராக. சத்தமாக வாசித்தவரிடம், "பக்கத்து அறையில் குழந்தை தூங்குகிறது" என்று சொல்லுங்கள். கோபமாக வாசித்தவரிடம், "அந்த ஜாக் உங்கள் சொந்த அண்ணன்" என்று சொல்லுங்கள். முதல் வாசிப்பு எவ்வளவு நன்றாக இருந்தது என்பதைவிட, முதலுக்கும் இரண்டாவதுக்கும் எவ்வளவு தூரம் நகர்ந்தார் என்பதுதான் உங்களுக்கு வேண்டும். எட்டு வார ஒத்திகையில் நீங்கள் கூட வாழப்போவது அந்த நகர்வோடுதான்.

மூன்றாவது பயிற்சியை யாரும் செய்வதில்லை. நான் இதைத்தான் அதிகம் நம்புகிறேன். ஐந்து பேர் கொலைச் செய்தியைப் பரபரப்பாக வாசிக்கும்போது ஆறாமவர் வசனமே இல்லாமல் நடுவில் உட்கார்ந்து கேட்கட்டும். ஆப்பிளை அடுக்கிக்கொண்டே கேட்கலாம். இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடத்தில் உங்கள் கண் பேசுபவர்களை விட்டு அவரிடம் போகிறதா? போனால் பெயருக்கு நேரே நட்சத்திரம் போடுங்கள்.

உச்சரிப்பு பற்றி, கொஞ்சம் நீளமாக

"அயர்லாந்து ஆக்சென்ட் போடுங்கள்" என்று தேர்வில் கேட்கவே கேட்காதீர்கள். கேட்டால் கிடைப்பது ஆங்கில மேடைகளில் நூற்றாண்டுகளாகச் சுற்றிய குடிகார ஐரிஷ்காரனின் கேலிக்குரல். ஆபி தியேட்டரைத் தொடங்கியவர்கள் ஒழிக்க நினைத்தவற்றில் அந்தக் கேலியும் ஒன்று. 1907 ஜனவரியில் அதே அரங்கில் மேயோ கவுண்டிக் கிராமத்தைக் காட்டிய ஒரு நாடகத்துக்கு எதிராகப் பார்வையாளர்கள் கலகமே செய்தார்கள். தங்கள் நாட்டுப்புற மக்களை இழிவுபடுத்துகிறது என்ற எண்ணம் அதற்கு முக்கியக் காரணம். அந்தக் கோபம் அந்த நாடகத்துக்குப் பொருந்துமா என்பது வேறு வழக்கு. கிராமத்தை மேடையில் காட்டும்போது கிராமம் பார்த்துக்கொண்டிருக்கிறது என்பது மட்டும் இன்றும் உண்மை.

கவனிக்க வேண்டியது வாக்கியத்தின் ஓட்டம். லேடி கிரெகரி தன் வட்டாரமான கில்டார்டனின் பேச்சைக் கேட்டு எழுதினார். ஆங்கிலச் சொற்கள், அடியில் ஐரிஷ் மொழியின் எலும்பு. ஐரிஷில் 'ஆம்', 'இல்லை' என்ற தனிச் சொற்கள் கிடையாது. "பார்த்தியா?" என்றால் "பார்த்தேன்" என்றுதான் பதில். நமக்கு இது புதிதல்ல. எது முக்கியமோ அதை வாக்கியத்தில் தூக்கி நிறுத்துவதும் அப்படித்தான்: "அவன் போனது சந்தைக்கு." "ஹி ஈஸ் ஆஃப்டர் கோயிங்" என்று வந்தால் 'இப்போதுதான் போனான்' என்று பொருள். வேறு நாட்டவர் அதை 'பின்னால் போகிறான்' என்று வாசித்துவிடுவார்கள். இந்த மூன்றையும் வாசிப்புக்கு முன் ஐந்து நிமிடம் விளக்கிவிடுங்கள். ஒலி தானாக அமையும்.

ஒரு சொந்த அவதானிப்பு: அயர்லாந்தில் பலர் 'திங்', 'தட்' போன்ற சொற்களின் முதல் ஒலியை மூச்சால் தேய்க்காமல், நாக்கைப் பல்லில் ஒட்டி எடுப்பார்கள். நம் 'த'கரம் பிறக்கும் அதே இடம். பல வருடங்களாக "என் உச்சரிப்பு சரியில்லை" என்று பின்வரிசையில் ஒளிந்திருந்த ஒரு தமிழ் நர்ஸிடம் இதைச் சொன்னேன். அடுத்த வாரம் திருமதி டல்லிக்கு வாசிக்க வந்து நின்றார்.

படி 5: எந்த வேடத்தில் எதைத் தேடுவது

பார்ட்லி ஃபாலன். உலகத்தில் எந்தக் கெடுதல் நடந்தாலும் தன் தலையில்தான் விடியும் என்று நம்புபவன். சந்தையில் ஒரு கூடை கவிழ வேண்டுமென்றால் அது நம்ம கூடையாகத்தான் இருக்கும் என்று புலம்புகிறான், கவிழ்த்தது தன் காலே என்றாலும். தேர்வில் கூடையை வைத்து, துடைப்பத்தைக் கையில் கொடுத்து, அந்த ஒரு இடத்தைச் செய்யச் சொல்லுங்கள். கவிழ்த்துவிட்டு நம்மைத் திரும்பிப் பார்ப்பவர் வேண்டாம், கூடையைப் பார்ப்பவர் வேண்டும். முதல் மேடையேற்றத்தில் இந்த வேடத்தைச் செய்தவர் டபிள்யூ. ஜி. ஃபே. அவரும் அண்ணன் ஃபிராங்க் ஃபேயும் பயிற்றுவித்த அந்தக் குழு, பகலில் வேறு வேலைக்குப் போய் இரவில் ஒத்திகை பார்த்த சாதாரண மக்களிலிருந்து வளர்ந்தது. உங்கள் குழுவும் அப்படித்தான்.

திருமதி ஃபாலன். ஊர் முழுக்கக் கணவனைக் கொலைகாரன் என்றால் அவனுக்காகச் சண்டைக்கு நிற்பாள். கிட்டி கியரியின் பெயர் காதில் விழுந்ததும் எல்லாம் தலைகீழ். இந்தத் திருப்பம் ஒரே மூச்சில் நடக்க வேண்டும். அந்த ஒரு பக்கத்தை மட்டும் எல்லோருக்கும் கொடுங்கள். திட்டும்போது அன்பும், அன்பாயிருக்கும்போது திட்டும் தெரிபவரே சரியான ஆள்.

திருமதி டார்ப்பி. செவித்திறன் குறைவை வைத்துக் கத்துவதும், காதில் கை குவிப்பதும் மலிவு. கூடத்தில் அப்படிப்பட்ட பாட்டி ஒருவராவது இருப்பார், அவர் மனம் புண்படும். இவளுக்குக் காதில் பாதிதான் விழுகிறது, மீதியைத் தானே நிரப்பிக்கொள்கிறாள், அதில் சந்தேகமே இல்லாமல் இருக்கிறாள். செவித்திறன் குறைந்த நடிகர் யாராவது வந்தால் இந்த வேடத்தை அவரிடம் பேசிப் பாருங்கள். திணிக்காமல்.

நீதிபதி. அந்த நாளில் இத்தகைய நீதிபதிகளை அரசு நினைத்த நேரத்தில் நீக்கலாம் என்பதால் மக்கள் 'ரிமூவபிள்' என்று அழைத்தார்கள். நாடகத்திலும் அதுவே அவர் பதவிப்பெயர். அந்தமானில் தான் எப்படி நிர்வாகம் செய்தேன் என்று அடிக்கடி சொல்லிக்கொள்வார். அந்தமான் என்றால் நமக்கு உடனே சிறை நினைவுக்கு வரும். 1858 முதல் அது ஆங்கிலேயரின் தண்டனைக் குடியேற்றம். அதாவது ஒரு அயர்லாந்து சந்தைக்குள் நுழைந்ததும் கைதிகள் தீவைத்தான் இவர் பார்க்கிறார். இங்கே வியாபாரம் என்ன நடக்கிறது என்று கேட்கிறார், அடுத்தவர் சோலியைப் பார்ப்பதைத் தவிர இங்கே என்ன சோலி என்று பதில் வருகிறது. அதையும் குற்ற அறிகுறியாகவே எடுத்துக்கொள்கிறார். இந்த வேடத்துக்குக் குரலில் அதிகாரம் உள்ளவரைவிட, தான் தவறக்கூடும் என்று ஒரு நொடிகூட நினைக்காத அமைதி உள்ளவரைப் பாருங்கள்.

ஷான், டிம், ஜேம்ஸ் மூவரையும் தனித்தனியாக எடுக்காதீர்கள், ஒரு கட்டாக எடுங்கள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் மூன்று குரலும் வேறுவேறாகத் தெரிய வேண்டும். ஜோ மல்டூனுக்குப் பேச்சு குறைவு, மேடையில் நிற்பது அதிகம். முதல் மாலையின் மூன்றாவது பயிற்சியில் நட்சத்திரம் வாங்கியவரைப் போடலாம். ஜாக் ஸ்மித்துக்கு நல்ல உடல்வாகும் நிஜக் கோபமும் போதும்.

படி 6: இரண்டாம் சுற்று

இரண்டு மூன்று நாள் இடைவெளி விட்டு, பதினைந்து பேருக்கு மேல் போகாமல் கூப்பிடுங்கள். இங்கே தனி ஆளைப் பார்க்கக் கூடாது. பார்ட்லிக்கு மூன்று பேர், திருமதி ஃபாலனுக்கு மூன்று பேர் என்றால் ஒன்பது ஜோடியையும் வாசிக்க வையுங்கள். தனியாக மிளிர்ந்தவர் ஜோடியில் மங்குவதும், முதல் நாள் சுமாராகத் தெரிந்தவர் எதிரே சரியான ஆள் வந்ததும் எழுந்து நிற்பதும் சகஜம். கடைசியாக வதந்தி வளரும் பகுதி முழுவதையும் ஆட்களை மாற்றி மாற்றி நான்கு தடவை ஓட்டுங்கள். அதில் வேகம் முக்கியம். முந்தைய வசனம் முடியும் முன் மூச்சை எடுத்து வைத்திருப்பவர்கள் யார் என்று காதால் கவனியுங்கள்.

முடிவெடுக்க மூன்று பேர் போதும், ஒருவராவது குழுவுக்கு வெளியாளாக இருக்கட்டும். பேசும் முன் ஒவ்வொருவரும் தனியாக எழுதிவிட வேண்டும். எந்த வேடம் யாருக்கு என்பது தேர்வுக்கு முன்பே சிலர் வீட்டுச் சமையலறையில் முடிவாகிவிட்ட ஒரு குழுவில் நான் இருந்திருக்கிறேன். வரிசையில் நின்று வாசித்த புதியவர்கள் மூன்றாவது வருடம் யாருமே வரவில்லை. அந்தக் குழு இப்போது இல்லை.

படி 7: முடிவைச் சொல்வது

அயர்லாந்து சிற்றூரில் முடிவு வெளிவர ஒரு மணி நேரம் போதும். யாரோ ஒருவர் கடையில் பால் வாங்கும்போது வாய் தவறிச் சொல்வார். மாலைக்குள் அது நீங்கள் சொல்லாத வடிவத்தில் எல்லோருக்கும் போய்ச் சேரும். இந்த நாடகத்தைப் போடுபவர்கள் அதற்கு இடம் கொடுக்கக் கூடாது. எல்லோருக்கும் ஒரே மாலையில், தொலைபேசியில், உங்கள் குரலிலேயே சொல்லுங்கள். வரிசை முக்கியம்: வேடம் கிடைக்காதவர்களை முதலில் அழையுங்கள். வாசிப்பில் நீங்கள் நிஜமாகக் கண்ட ஒரு நல்ல விஷயத்தைப் பெயர் சொல்லிச் சொல்லுங்கள். "அந்தத் துணி விரிக்கும் இடத்தில் நீங்கள் நிறுத்திய நிறுத்தம்" என்பது போல. சந்தைக் கூட்டத்தில் நிற்கவோ, உடைக்கோ, விளக்குக்கோ வர விருப்பமா என்று கேளுங்கள். ஆனால் அதை ஆறுதல் பரிசாகக் கொடுக்காதீர்கள், நிஜமாக ஆள் வேண்டும் என்றால் மட்டும் கேளுங்கள். அதன் பிறகு தேர்வானவர்கள். பார்ட்லி ஆகப்போகிறவரைக் கடைசியில் அழையுங்கள். சந்தோஷத்தில் உடனே பத்துப் பேருக்குச் சொல்வார். அதற்குள் மற்ற எல்லோருக்கும் உங்கள் வாயாலேயே தெரிந்திருக்கும்.